ஹேண்டில்பார் இல்லாத பதிமூன்றாவது சைக்கிள்

தும்பைக்கரை நகராட்சி ஆபீசுக்கு எதிரே மெயின் ரோட்டில் போட்ட பச்சை சைக்கிள் பாதை, போட்ட நாலாம் நாள் காலையில் அங்கே இல்லை. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை, ஆறடி அகலத்தில், ஓரத்து வெள்ளைக் கோடுகூடக் கலையாமல் கிடந்தது, அதன்மேல் அதற்குள் மூன்று பேர் சைக்கிளில் போய்விட்டிருந்தார்கள், நாலாவதாகப் போன பால்காரர் வாசலில் நின்றவரிடம், "மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, பாதை நேராப் படுக்கணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். யாரும் கூச்சல் போடவில்லை. எங்கள் ஊர் ஜனம் அப்படி. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஒருத்தரும் வியக்கமாட்டார்கள். வந்துவிட்டால் தெருவே கூடி நின்று பார்க்கும்.

அந்தப் பாதை ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் என் கடையைக் கேட்டு வந்தது. அதனால்தான் இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது. என் பெயர் குருவம்மாள். ஊருக்கு நான் சைக்கிள்கார அக்கா. பழைய சைக்கிளை வாங்கிப் புதுசாக்கி விற்பேன், வாடகைக்கு விடுவேன், சக்கரத்துக் கோட்டம் எடுப்பேன், பஞ்சர் ஒட்டுவேன். பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைதான் இருந்தேன். மிச்சத்தை எல்லாம் பழைய இரும்புக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள், அவர்கள் அடித்துச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள். ரோட்டோரம் சாக்கு விரித்து உட்கார்ந்தவள், தகரக் கொட்டகைக்குப் போய், கொட்டகையைப் பிய்த்து எறிந்தவனோடு மல்லுக்கட்டி, கடைசியில் மில் ரோட்டில் பதினோரடி அகலத்தில் ஷட்டர் போட்ட கடைக்கு வந்து சேர்ந்தேன். அந்த இடம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. வாயால் வாங்கினேன். பாலத்தடிச் சந்து என்று ஒரு சந்து அங்கே இருந்தது. மில் ரோட்டில் தொடங்கி, ரயில் லைனுக்கு அடியில் குனிந்து போகிற சின்னப் பாலத்தைத் தாண்டி, கீழக்காலனியில் போய் முடியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அந்தப் பாலத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் நின்ற ஒரு மாசத்தில், நகராட்சி ஆட்களைக் கூட்டிப் போய்க் காட்டி, இது போக்குவரத்து இல்லாத முட்டுச் சந்து என்று எழுத வைத்து, சந்தின் வாயிலேயே என் கடையைக் கட்டினேன். முன்னால் ஷட்டர், பின்னால் ஒன்பது அங்குலச் சுவர், நடுவில் முப்பத்திரண்டு அடி ஆழம். நான் அடைத்தபோது பைபாஸ் ரோடு கிடையாது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைப் பாதை எப்படி வந்தது என்றால், சைக்கிள் ஓட்டுவதை ஊர் ஊராக வளர்க்கவேண்டும் என்று மேலிருந்து ஒரு திட்டம் வந்தது. பெஞ்சமின் என்று ஓவர்சீயர் ஒருத்தர் எங்கள் நகராட்சியில் இருக்கிறார், ஒல்லியான மனுஷர், எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிக்கிறவர். பள்ளிக்கூடம், மில், சந்தை என்று ஜனம் சைக்கிளில் போகிற இடங்களில் பாதை போடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். அதெல்லாம் இருக்கட்டும், முதலில் ஆபீசுக்கு எதிரே போடும், படம் எடுக்க வசதி என்று மேலே சொல்லிவிட்டார்கள். ஒண்ணேகால் கிலோமீட்டர் பச்சைப் பெயின்ட். நூறு அடிக்கு ஒரு வெள்ளை சைக்கிள் படம். பதிமூன்றாவது படம் வரையும்போது பெயின்டர் சாப்பிடப் போய்விட்டான், திரும்பி வந்தவன் பதினாலாவதைத் தொடங்கிவிட்டான், அதனால் பதிமூன்றாவது சைக்கிளுக்கு ஹேண்டில்பார் கிடையாது. திறப்பு விழாவுக்கு முப்பது சைக்கிள் என்னிடம்தான் வாடகைக்கு எடுத்தார்கள். சேர்மன் அம்மாவை சீட்டில் ஏற்றி இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, "சைக்கிள் மிதிப்போம், நகரம் காப்போம்" என்று கத்தினார்கள், படம் எடுத்தார்கள், முப்பது சைக்கிளும் மத்தியானமே என் கடைக்கு வந்துவிட்டன. மறுநாள் பாதைமேல் ஆட்டோ நின்றது, பூக்கடை விரித்தார்கள். சைக்கிள் மட்டும் வரவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தது. நாலாம் நாள் எழுந்து போய்விட்டது.

பெஞ்சமின் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். நீளம் சரி, அகலம் சரி, பதிமூன்றாவது படத்தில் ஹேண்டில்பார் இல்லை, எங்கள் பாதைதான் என்று கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மறுநாள் அது பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் பின்னால் கிடந்தது. அதற்கு மறுநாள் வாய்க்கால் மேட்டில். தினமும் காலையில் பெஞ்சமின் தன் சைக்கிளில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, எங்கே கிடந்தது, யார் யார் போனார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு கரும்பலகையில் "இன்று பாதை: வாய்க்கால் மேடு" என்று எழுதிப் போடுவார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சாக்பீசால் அதன் ஓரத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள், காலையில் கோடு மட்டும் பழைய இடத்தில் இருந்தது. அது நகர்வதைக் கண்ணால் பார்த்தே தீருவது என்று ரிட்டையர்டு போஸ்ட்மேன் ஒருவர் அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விடிந்தபோது நாற்காலியோடு மீன் மார்க்கெட்டில் இருந்தார். தூங்கவே இல்லை, கொசு கடித்தபோது ஒரே ஒரு தடவை கண்ணை மூடினேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

ஒரு மாசத்தில் ஊருக்கு அது பழகிப்போய், பழகியது போதாதென்று ஒவ்வொரு தெருவும் அதற்கு ஆசைப்பட ஆரம்பித்தது. அங்கேதான் எங்கள் ஜனம் புத்தியைக் காட்டினார்கள். திருவிழாவில் சாமி புறப்பாடு வரும்போது இன்ன நாள் இன்ன தெருக்காரர் மண்டகப்படி என்று முறை வைத்துச் செய்வோம் இல்லையா, அதே மாதிரி பாதைக்கும் முறை வைத்துவிட்டார்கள். செட்டியார் தெருவில் அது வந்து படுத்த அன்றைக்கு இரண்டு கோடியிலும் வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, பாதையைத் தண்ணீர் தெளித்துக் கழுவி, ஓரமெல்லாம் கோலம் போட்டு, மைக்செட் வைத்து, புளியோதரை கொடுத்தார்கள். யாரும் செருப்போடு மிதிக்கக் கூடாது என்றார்கள். சைக்கிளில் வந்த ஒரு தபால்காரரை இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். பச்சை வெளுத்துப் போயிருந்தது, மூன்று நாள் தீனி தின்னாத மாட்டின் முகம் மாதிரி.

"அட கூறுகெட்டவங்களா, சைக்கிள் பாதையில சைக்கிளை விடாம என்ன பூசை?" என்று கேட்டேன்.

"அக்கா, ஒருநாள் மரியாதை செஞ்சா என்ன கொறஞ்சுடும்?" என்றார் பந்தல்காரர்.

சாயந்தரம் அந்தப் பந்தலுக்கு அடியில் வெறும் தார் ரோடு கிடந்தது. பாதை பகலிலேயே போய்விட்டது. செட்டியார் தெருக்காரர்கள் மண்டகப்படியில் ஏதோ குறை வைத்துவிட்டார்கள் என்று அடுத்த தெருக்காரர்கள் இன்னும் பெரிய பந்தல் போட்டார்கள். அங்கே அது பாதி நாள்கூட இருக்கவில்லை. பிறகு தெருவுக்குத் தெரு சண்டை. நீ பேரம் பேசுகிறவள்தானே, அதனிடம் போய்ப் பேசு என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாய்க்கால் மேட்டில் அதன் ஓரத்தில் குத்தவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் ஊருக்கு என்றேன். எரிச்சலில் நாலு வார்த்தை திட்டியும் பார்த்தேன். அது வாயே திறக்கவில்லை. எதிராளி இப்படி வாயை மூடிக்கொண்டால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. இது லேசில் இறங்கி வராது என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அது பந்தல் கட்டாத பக்கமாகப் போயிற்று. மில்லுக்குப் பக்கம்.

எங்கள் ஊர் மில்லில் வேலை பார்க்கிற பெண்கள் பாதிப் பேர் கீழக்காலனி. சந்து அடைபட்ட பிறகு அவர்கள் ரயில்வே கேட்டைச் சுற்றிப் போனார்கள். கேட்டை எடுத்துவிட்டு பைபாஸ் போட்ட பிறகு பைபாஸில் போகிறார்கள், லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவில், நாற்பது நிமிஷம். போன ஆடி மாசம் சீனித்தாய் என்கிற பெண்ணை அங்கே ஒரு லாரி இடித்துவிட்டுப் போய்விட்டது. இடது காலில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முன்சக்கரம் மடங்கிப்போன அவளுடைய சைக்கிளை அவள் தங்கை வெயிலுகந்தாள், வெயிலு என்று கூப்பிடுவோம், அவளும் அதே மில்தான், என்னிடம் தூக்கிவந்து போட்டாள். வேறு ரிம் போட்டுக் கோட்டம் எடுத்து, கூரைக் கொக்கியில் மாட்டினேன். எடுத்துப் போக யாரும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. நான் அடைத்தபோது பைபாஸ் ரோடு கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால், மில் கேட்டிலிருந்து நேராக வந்து, என் வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் பாதை நிற்கிறது. கடை திறக்கக் காத்திருக்கிற ஆள் மாதிரி. பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், கருவேலம் புதரை விலக்கிக்கொண்டு, பாலத்தடியில் குனிந்து, கீழக்காலனி வரைக்கும் பச்சை. பெஞ்சமின் வந்து அளந்தார். இரண்டு துண்டையும் கூட்டினால் நீளம் சரியாக இருந்தது. நடுவில் முப்பத்திரண்டு அடி மட்டும் விட்டிருந்தது.

"ஊர் பூரா யாரையும் கேக்காமப் படுத்துச்சு, இங்க மட்டும் நிக்குது பாருங்கக்கா" என்றார்.

"நிக்கட்டும் சார். எனக்கென்ன? நகராட்சி எழுதிக் கொடுத்த இடம் இது."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லித்தான் பாருமே!"

அவர் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ஒரு வாளி தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். புதன்கிழமை என் வாடகை சைக்கிள் முழுவதையும் அதன்மேல் குறுக்கே நிறுத்தினேன்; சைக்கிளைப் பார்த்ததும் பச்சை இன்னும் கொஞ்சம் மினுங்கிற்று, அதுதான் மிச்சம். அதற்குள் மில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் ஷிப்ட் முடிந்து நாற்பது பேர் பாதைமேல் வரிசையாக மிதித்துக்கொண்டு வந்து, என் ஷட்டருக்கு முன்னால் ஒரு காலை ஊன்றி நின்று, உள்ளே கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். யாரும் பெல் அடிப்பதில்லை. பிறகு திருப்பிக்கொண்டு பைபாஸுக்குப் போவார்கள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அந்த நாற்பது பேரும் பேசாமல் நிற்கும்போது நான் ஏதாவது ஒரு சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்துகொள்வேன்.

வெள்ளிக்கிழமை மற்றவர்கள் திரும்பினார்கள், வெயிலு மட்டும் ஸ்டாண்டு போட்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, கடைக்குப் பின்வாசல் இருக்கா?"

"இல்ல. செவுரு."

"எத்தனை அங்குலம்?"

"ஒம்பது. எதுக்குட்டி கேக்கே?"

"சும்மா. செவுத்தைத் தொறந்தா பாதைக்கு ஆறடி வேணும்லாக்கா."

"ஆறா? கடையே பதினொண்ணு. அஞ்சடியில நான் என்ன, ஊறுகாயா போடுவேன்? ரெண்டடி தாரேன். ஹேண்டில்பார் போகும்."

"ரெண்டடியில ஆடுதான் போகும்."

"ஆடுன்னா பேசாமலாச்சும் போகும்."

"அஞ்சு."

"ரெண்டரை. காலையிலயும் சாயந்தரமும் மட்டும்."

"நாலரை. நாள் பூரா. மில்லு மூணு ஷிப்ட்டுல்லா ஓடுது."

"மூணு. பெல் அடிக்கக் கூடாது."

"நாலு. பெல் அடிப்போம். அடிக்காம வந்தா உங்க மேலதான்க்கா மோதணும்."

நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். முப்பது வருஷமாகப் பேரம் பேசுகிறேன், எதிரே நிற்கிறவர் மடியில் எதை வைத்துக்கொண்டு எடுக்காமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வெயிலுவின் தலைக்கு நேர்மேலே, கையெட்டும் உயரத்தில், அவள் அக்காளின் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு பதினோரடியையும் விட்டிருக்கவேண்டும். உள்ளே வந்ததிலிருந்து அவள் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.

"மூணரை" என்றேன். "அதுக்கு மேல ஒரு நூல் கேட்டாலும் ஷட்டரை இறக்கிருவேன்."

"சரிக்கா. மூணரை."

கடப்பாரையை நான்தான் எடுத்தேன். நான் கட்டிய சுவரை வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். விஷயம் தெரிந்து பைபாஸுக்குப் போன பெண்கள் பாதியில் திரும்பி வந்து, சைக்கிள்களையும் அலமாரியையும் இரண்டு பக்கமும் ஒதுக்கி, செங்கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வெளியே போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்றரை அடிக்கு ஒரு வாசல் விழுந்தது. கருவேலம் வாசனையோடு காற்று உள்ளே வந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கத்துக் காற்று என் கடைக்குள் வந்ததில்லை.

பாதை அசையவில்லை.

"தொறந்தாச்சுல்ல, வாயேன்! வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்று கத்தினேன். முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, நடுவில் சிமென்ட் தரை. பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்போது எனக்குச் செட்டியார் தெருப் பந்தல் ஞாபகம் வந்தது. இதற்கு வேண்டியது வாழைமரம் இல்லை, வெத்தலை பாக்கும் இல்லை. டயர். ஸ்டூல் போட்டு ஏறி, கொக்கியிலிருந்து சீனித்தாயின் சைக்கிளை இறக்கினேன். இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்தேன். வாசற்படிக்கு வெளியே பச்சைமேல் நிறுத்தி, மெதுவாக உள்ளே உருட்டிக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. எதிரே நின்ற பெண்களின் கண் என் பின்சக்கரத்துக்குப் பின்னால் தரையோடு தரையாக நகர்ந்து வருவது தெரிந்தது. பின்வாசலைத் தாண்டி மண்ணில் இறங்கிய பிறகுதான் திரும்பினேன். கடைக்கு உள்ளே மட்டும் இரண்டு ஓரத்து வெள்ளைக் கோடும் நெருங்கி வந்து, அளந்து வைத்தாற்போல் மூன்றரை அடியில், பச்சை. கடையின் நட்டநடுவில், காற்றடிக்கிற பம்புக்கு எதிரே, ஹேண்டில்பார் இல்லாத அந்தப் பதிமூன்றாவது சைக்கிள்.

அன்றைக்கு நாற்பது பேரும் என் கடைக்குள் பெல் அடித்துக்கொண்டே போனார்கள். வீட்டுக்குப் பத்து நிமிஷம்.

காலனிக்காரர்கள் மறுநாளே வாழைமரத்தோடு வந்துவிட்டார்கள். "பாதைக்கு எவனாச்சும் மாலை போட்டீங்க, கடப்பாரை இன்னும் கையிலதான் இருக்கு" என்றேன். வாழைமரம் திரும்பிப் போயிற்று. இருந்தாலும் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது எனக்கே ஒரு படபடப்பு. போய்விட்டால் என் கடை பழையபடி முழுசாக எனக்கு வந்துவிடும். அதை நினைத்துச் சந்தோஷப்படத்தான் பார்த்தேன், வரவில்லை. வெயிலு தினமும் கேட்பாள்: "நாளைக்கும் இருக்குமாக்கா?" எனக்கென்ன தெரியும்?

பத்து நாள் கழித்து சீனித்தாய் வந்தாள். தங்கை சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து, ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு. கடை நடுவில் நிறுத்தச் சொன்னாள். இடித்த சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடைச்சதும் நீங்கதானாம்லா, அக்கா."

"நான் அடைச்சப்போ பைபாஸ் கிடையாதுட்டி."

"நான் அதைக் கேக்கலியே" என்றாள். பிறகு கீழே குனிந்து, தரையில் இருந்த படத்தைப் பார்த்து, "இந்தச் சைக்கிளுக்கு என்னக்கா, ஹேண்டில்பாரைக் காணோம்? இப்படி இருந்தா இது எங்க வேணும்னாலும்லா போகும்" என்றாள். போய்விட்டார்கள்.

அந்த வாரம்தான் பெஞ்சமின் நோட்டை மன்றக் கூட்டத்தில் வைத்தார். பாதை கிடந்த நாற்பத்தோரு இடம், எந்த நேரம், எத்தனை சைக்கிள். ஊருக்கு எங்கெங்கே பாதை வேண்டும் என்று நானாக ஒரு வரிகூட எழுதவில்லை, அதுவே படுத்துக் காட்டியிருக்கிறது, அந்த இடமெல்லாம் போட்டுவிடுங்கள் என்றாராம். பெரிய பந்தல் போட்ட தெருக்காரர்கள்தான் முதலில் கையைத் தூக்கினார்களாம். தீர்மானம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேலை தொடங்கிய அன்றைக்கு, மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் ஒரு பிரஷையும் கொண்டுவந்து என் கடையில் வைத்துவிட்டு, பெஞ்சமின் போகாமல் நின்றார்.

"என்ன சார்?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. அந்தப் படம் பாக்கி இருக்கு. வரைஞ்சா நிலைச்சு நிக்குமோ என்னமோ. கடை உங்களுது."

அவர் போன பிறகு டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தேன். இரண்டு பக்கமும் மூணே முக்கால் அடி, மூணே முக்கால் அடியாக என் கடை பிளந்து கிடந்தது. சாக்கு விரித்து உட்கார்ந்த காலத்தில்கூட எனக்கு அதைவிட அகலமான இடம் இருந்தது. பிரஷை எடுத்தேன். முப்பது வருஷமாக ஹேண்டில்பார் மாட்டுகிற கை. ஒரே இழுப்பில் வந்துவிட்டது. நேராக மட்டும் வரையவில்லை. கொஞ்சம் இடது பக்கம், என் காற்றடிக்கிற பம்ப் பக்கம், திருப்பி வரைந்தேன்.

காலையில் ஷட்டரைத் தூக்கினேன். பாதை இருந்தது. கடைக்கு நடுவில், பம்பைப் பார்த்து, ஒரு முழம் வளைந்து கிடந்தது.